இரண்டு மஞ்சள் பாவாடைகள்

அக்கி வந்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரு ரவிக்கைத் துணி எவ்வளவு கனம் என்று. துணி பட்டால் எரியும். காற்று பட்டாலும் எரியும். ஒன்றும் படாமல் இருந்தால், எதுவோ படப்போகிறது என்கிற பயத்திலேயே எரியும். 1991இல், ஆடி மாதம் முடிகிற தறுவாயில் எனக்கு அது வந்தது. முதலில் வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு குறுகுறுப்பு. எறும்பு கடித்திருக்கும் என்று எறும்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு காலை குளிக்கும்போது பார்த்தால், முதுகுத்தண்டிலிருந்து தொப்புளை நோக்கி ஒரு கை அகலத்துக்குச் சிவப்புப் பட்டை, அதன்மேல் கொத்துக்கொத்தாகக் கொப்புளங்கள்.

அப்போது நான் மறைமலை நகரில் ஒரு சின்னக் கம்பெனியில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் வேலையில் இருந்தேன். எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. காலையில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பஸ்ஸில் யாராவது இடித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இடித்துவிட்டு வருத்தம் தெரிவித்தவர்களையும் முறைத்துக்கொண்டுதான் போனேன்.

வலி மாத்திரை போட்டால் உடம்பு எங்கேயோ மிதக்கும். மிஷின் சுற்றும், செம்புக் கம்பி பளபளவென்று ஓடும், அதே கம்பி என் முதுகிலிருந்து தொடங்கி வயிறுவரை சுற்றிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். யாரோ கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் எது நடந்தது, எது மயக்கத்தில் தோன்றியது என்று இன்றுகூட என்னால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் இங்கே சொல்லப்போகும் விஷயம் நடந்ததுதான்.

லைனில் என்னோடு வேலை செய்த பெண்கள் ஒரே நாளில் மாறிப்போனார்கள். என் டம்ளரை யாரும் தொடவில்லை. நான் உட்கார்ந்து எழுந்த ஸ்டூலில் காகிதம் விரித்து உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் என்னை ஜன்னலோரமாக ஒரு தனி பெஞ்சுக்கு மாற்றினார். அது காற்றோட்டமான இடம் என்று அவர் சொன்னதை நானும் நம்பியதுபோல் தலையாட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் கூட்டாஞ்சோறாக ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவைத்துச் சாப்பிட, நான் தனியாக வேப்பமரத்தைப் பார்த்தபடி சாப்பிட்டேன். கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் சோற்றோடு விழுங்கினேன்.

வீட்டில் நிலைமை நேர்மாறு. அம்மாவுக்கு இது வெறும் சூடு. ஆடிக் கூழ் ஊற்றியபோது நான் வெறுங்காலோடு வெயிலில் கூழ்க்குடம் தூக்கி வந்தேன், அதனால் உடம்பு கொதித்துவிட்டது, அவ்வளவுதான். அக்கி எழுதுபவரிடம் கூட்டிப்போய்ச் செங்காவி பூச வைத்தாள். அவர் என் இடுப்பில் இரண்டு சிங்கம் வரைந்தார். சிங்கத்தைப் பார்த்தால் அக்கி பயந்து ஓடிவிடுமாம். நான் கண்ணாடியில் பார்த்தபோது இரண்டும் பட்டினி கிடந்த தெருநாய்கள்போல இருந்தன. எதிர்வீட்டம்மாள் வேறு வந்து பார்த்துவிட்டு, அக்கி இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டிக்கொண்டால் ஆள் தேறாது என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு தினமும் காலையில் எழுந்ததும் அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பதே எனக்கு வேலை.

அம்மா என் துண்டிலேயே முகம் துடைத்தாள். என் பாயிலேயே பக்கத்தில் படுத்தாள். கம்பெனியில் பட்ட அவமானத்துக்கு அது மருந்தாக இருந்தது. நம் வீடு நம் வீடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் என் தங்கை பிரசவத்துக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பெண்கள்தான். எனக்குப் பார்த்த இடமெல்லாம் ஏதோ ஒரு கட்டம் சரியில்லை என்று தள்ளிப்போனது. தங்கைக்குத் தாம்பரத்தில் நல்ல இடம் வந்தபோது, என்னைச் சாக்குச் சொல்லி அதை விடக்கூடாது என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்று முடித்துவைத்தேன். அவளுக்குத் தலைப்பிரசவம். அவளுக்காக வீட்டுக்கு ஒரு மேஜை ஃபேன் வாங்கியிருந்தோம். ஃபேனுக்கு நேராக அவளும் நானும் பாய் போட்டுப் படுத்து, விட்ட இடத்திலிருந்து எல்லாக் கதையையும் பேசுவதாகத் திட்டம். வளைகாப்புக்குப் போக முடியாதபடி எனக்கு வலி. அம்மா மட்டும் போனாள், அப்படியே அவளை அழைத்து வருவதாக.

அவர்கள் வரும் நாளன்று, கம்பெனிக்கு வாரத்தில் ஒருநாள் வந்துபோகும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். காட்டப் போனதே வீம்புக்குத்தான். இது யாருக்கும் ஒட்டாது என்று அவர் வாயால் சொல்லவைத்து, அதை லைன் முழுக்கச் சொல்லி, அந்தக் காகிதம் விரிக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

டாக்டரம்மா என் இடுப்பிலிருந்த சிங்கங்களைப் பஞ்சால் துடைத்தார். இது உடம்பின் ஒரு பாதியோடு நின்றுவிடும், சுற்றி வந்து முட்டாது, பயப்படாதே என்றார். சின்ன வயதில் அம்மை வந்ததா, கொப்புளம் கொப்புளமாக, என்று கேட்டார். இரண்டாவது படிக்கும்போது வந்தது என்றேன்.

"அதுதாம்மா இது. அப்போ வந்தது உன்னை விட்டுப் போகவே இல்லை. முதுகுத்தண்டு ஓரமா, நரம்போட வேர்ல படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்போ முழிச்சிக்கிச்சு."

மூன்று தண்ணீர் ஊற்றி, கூழ் வார்த்து, பம்பை அடித்து வழியனுப்பி வைத்தோமே, அந்த ஆத்தா போகவே இல்லையா? நான் பள்ளிக்கூடம் போனபோதும், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து நின்றபோதும், மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் என் முதுகிலேயே ஒருத்தி உறங்கிக்கொண்டிருந்தாளா? பயம் வரவில்லை. இத்தனை நாளும் நான் தனியாக இல்லை என்பதுபோல ஏதோ ஒன்று தோன்றியது. மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

பிறகு, கேட்க வந்த கேள்வியைக் கேட்டேன். இது ஒட்டுமா, ஒட்டாதா?

அக்கியாக யாருக்கும் ஒட்டாது என்றார் அவர். ஏற்கெனவே அம்மை வந்தவர்களுக்கு உன்னால் ஒன்றும் ஆகாது, உன் கம்பெனிப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அவர் நிறுத்தவில்லை. "ஆனா அம்மையே வராத ஒருத்தர் மேல இந்தக் கொப்புளத்துத் தண்ணி பட்டா, அவங்களுக்கு அம்மையா வரும். வீட்ல கைக்குழந்தை, மாசமா இருக்கறவங்க யாராவது உண்டா?"

தங்கை இன்று வருகிறாள் என்றேன். ஒன்பதாவது மாதம் என்றேன்.

"அவங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

வந்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள், ரெண்டு பொண்ணுக்கும் ஒண்ணா வந்துட்டுப் போனா ஆத்தா என்று. ஆனால் வெளியே வந்தது, தெரியவில்லை என்பதுதான். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு அம்மை வந்தால் அவளுக்கும் ஆபத்து, பிறக்கிற குழந்தைக்கு அதைவிட ஆபத்து என்று மெதுவாகச் சொன்னார். வந்தது நிச்சயம் என்றால் கவலையே இல்லை. நிச்சயமாகத் தெரியாவிட்டால், கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு கட்டுகிறவரை அதை மூடி வைத்துக்கொண்டு அவளை விட்டு விலகியே இரு என்றார். ஒரே பாய், ஒரே துண்டு என்று புழங்குகிற சின்ன வீட்டில் அது எப்படி முடியும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வயல்கள் வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தன. கண்ணை மூடியதும் அந்த அறை வந்தது. வேப்பிலைப் படுக்கை. பச்சை வாசனை. வாசலில் கட்டிய கொத்து காற்றில் தரையை உரசும் சத்தம். தாளிக்காத குழம்பு. நான் படுத்திருக்கிறேன், என் பக்கத்தில் யாரோ படுத்திருக்கிறார்கள். சின்னக் கை ஒன்று என் கையைப் பிடித்திருக்கிறது. தங்கையா? அல்லது பக்கத்தில் ஆத்தாவே படுத்திருக்கிறாள், தொந்தரவு செய்யாமல் தள்ளிப் படு என்று அம்மா சொல்வாளே, அவளா? எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த முகம் தெரியவில்லை. காய்ச்சலில் பார்த்ததைக் காய்ச்சலிலேயே திரும்பத் தேடினால் என்ன கிடைக்கும்?

இன்னொன்று மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. எனக்கு முதல் முத்து கண்ட அன்றே தங்கையைச் சுங்குவார்சத்திரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று அழுததை நான் படுக்கையிலிருந்தே கேட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஃபேனுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கை நிறைய வளையல். முகம் பூசினாற்போல் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சிரித்தபடி என்னிடம் வந்தாள்.

"கிட்ட வராத" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அவள் அங்கேயே நின்றாள். வளையல் சத்தமும் நின்றது. அவள் முகத்தில் சிரிப்பு போக இடம் தெரியாமல் கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது. அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வாசற்படியில் நின்றபடியே டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். அம்மா உலையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"இன்னாடி பேசுற நீ? அவளுக்கு வராம இன்னா? ரெண்டு பேரும் மஞ்சப் பாவாட கட்டிகினு மடிப்பிச்ச எடுத்தத ஊரே பாத்துச்சு."

அது உண்மை. அம்மை இறங்கிய பிறகு பிள்ளைகளுக்கு மஞ்சளில் நனைத்த துணி கட்டி, தெருவில் வீடு வீடாக மடியில் அரிசி வாங்கிவரச் செய்து, அந்த அரிசியில் கோயிலுக்குக் கூழ் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் இருவரும் அப்படிப் போனோம். இரண்டு மஞ்சள் பாவாடைகள், இரண்டு மடி. ஊரில் இன்றும் அதைச் சொல்வார்கள். தங்கையும் தனக்கு அம்மை வந்தது என்றே நம்பி வளர்ந்தவள்.

ஆனால் அந்த இரண்டாவது பாவாடை எப்படி வந்தது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அவள் அத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். எனக்கு மட்டும் மஞ்சள் பாவாடை, எனக்கு மட்டும் இளநீர், என்னைத்தான் எல்லோரும் 'ஆத்தா' என்று கூப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, தனக்கும் வேண்டும் என்று மண்ணில் புரண்டு அழுதாள். அவள் நெற்றியிலும் கையிலும் கொசு கடித்த தடிப்புகள் இருந்தன. அம்மா அதைப் பார்த்தாள், அவளும் முத்து வாங்கிவிட்டாள் என்று முடிவு செய்து, அவள் பாவாடையையும் மஞ்சள் தண்ணீரில் முக்கினாள்.

அதை அம்மாவிடம் சொன்னேன்.

"கொசுக் கடியா? மேலாப்புல வந்துட்டுப் போனாடி அவளுக்கு. நான் பாத்தேன். ரெண்டு பேருக்கும் சேத்துதான் வேண்டிகினேன், ரெண்டு பேருக்கும் சேத்துதான் கூழு ஊத்துனேன். வந்தவள வரலன்னு சொல்லாத. குத்தமாயிடும்."

அப்போதுதான் அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது. தங்கைக்கு அம்மை வரவில்லை என்று ஒப்புக்கொண்டால், அன்று ஊற்றிய கூழ் பொய்யாகிவிடும். அதைவிட, ஆத்தா இனிமேல்தான் வரவேண்டும் என்று ஆகிவிடும், அதுவும் இந்த நிலையில் இருக்கும் பெண்ணிடம். அம்மாவால் அதை வாயால் சொல்லக்கூட முடியாது.

ஒருவேளை அம்மா சொல்வதுதான் சரியோ? பெற்றவள் கண்ணுக்குத் தெரியாதது ஏழு வயதுக் குழந்தையின் கண்ணுக்குத் தெரிந்துவிடுமா? நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஃபேன் இப்படியும் அப்படியும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று என் காலில் பட்டு விலகும்போதெல்லாம் தூக்கம் வந்து வந்து போனது. அந்த அரைத்தூக்கத்தில்தான் அது வந்தது.

மடிப்பிச்சைக்குப் போகும் வழி. முன்னால் அம்மா, பின்னால் நாங்கள். ஈரம் காயாத பாவாடை காலில் ஒட்டுகிறது. தங்கை என் காதருகில் வந்து ரகசியமாகக் கேட்கிறாள், ஆத்தா வரும்போது எப்படி இருக்கும் என்று. நான் எனக்குத் தெரிந்த பெருமையோடு சொல்கிறேன், கொலுசுச் சத்தம் கேட்கும் என்று. உண்மையில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அரிப்பும் எரிச்சலும்தான். ஆனால் அத்தனை நாள் படுத்துக்கிடந்துவிட்டு, வெறும் அரிப்பு என்று சொன்னால் என்ன மதிப்பு?

தனக்கே ஆத்தா வந்திருந்தால் அவள் எதற்கு அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்? எனக்கு அது போதுமாக இருந்தது.

தங்கையிடம், அன்று நீ என்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்றாள். என் துணிகளை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கொடுக்கும்படி அம்மாவிடம் கேட்டேன். எங்கே போகிறாய் என்றாள். அத்தை வீட்டுக்கு என்றேன்.

"ஊர்ல இன்னா சொல்லுவாங்க தெரியுமா? தங்கச்சி புள்ளத்தாச்சியா வந்து குந்திகினு கீறா, கல்யாணம் ஆவாத அக்காக்காரி பொறுக்காம வூட்ட வுட்டுப் பூட்டான்னு சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் என்ன சொல்லும் என்பதை விட, அம்மா அதைத் தங்கையின் எதிரில் சொன்னதுதான் வலித்தது. தங்கை அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை. பையை இடப்பக்கத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறினேன். அந்த வருஷக் கோடையில் குண்டு வெடித்த பிறகு அங்கே பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பது வழக்கமாகியிருந்தது. ஒரு போலீஸ்காரர் என் பையில் பழைய துணியையும் பஞ்சையும் பார்த்துவிட்டு என்ன வியாதி என்று கேட்டார். அக்கி என்றேன். பையை விரல் நுனியால் மூடினார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் விலா வலிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அத்தை வீடு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் மாமாவின் பஞ்சர் கடை. விஷயத்தைச் சொல்லி, வாசலிலேயே நின்று, உங்களுக்கெல்லாம் அம்மை வந்திருக்கிறதா, கொப்புளம் போடுகிற அம்மை, என்று கேட்டேன்.

"எனக்கும் ஆச்சி, உங்க மாமனுக்கும் ஆச்சி. எங்கள நீ இன்னா பண்ணிடப் போற? வா, வந்து படு."

அந்த வீட்டில் நான் கிடந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் கிடையாது. பெங்களூர் லாரிகள் என் தூக்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறின. மாமா டயரைச் சுத்தியலால் தட்டும் சத்தத்தில் மதியம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்றே தெரியாது. டீக்கடை ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டே இருந்தார்கள். கொப்புளங்கள் உடைந்தன, காய்ந்தன, கருப்பாகப் பொருக்குக் கட்டின. பொருக்கு கட்டிய பிறகும் உள்ளே அந்தக் கம்பி சுண்டிக்கொண்டுதான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு முதுகுக்குள் இருப்பவளோடு பேசினேன். வந்தது வந்தாய், என்னோடு இரு, அவளிடம் மட்டும் போகாதே என்றேன். வேறு எதையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் அத்தை தலை வாரிவிட்டபடி, தங்கை சின்ன வயதில் இங்கே இருந்ததைச் சொன்னாள். "உள்ள குந்தவே குந்தாது. ரோட்டுலயே நின்னுகினு, வர்ற பஸ்சயெல்லாம், இது எங்க அக்காகிட்ட போவுமான்னு கேட்டுகினே இருக்கும்." நான் அழுதுவிட்டேன். வலியால் அழுகிறேன் என்று அத்தை நினைத்தாள். அன்று மாலை நானும் ரோட்டில் போய் நின்றேன். எந்த பஸ்ஸையும் கேட்கவில்லை.

குழந்தை பிறந்ததை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் லாரியில் போகும்போது இறங்கிச் சொல்லிவிட்டுப் போனார். பெண் குழந்தை, இருவரும் சுகம். மாமா அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தார். பொருக்கெல்லாம் உதிர்ந்து, டாக்டரம்மாவிடம் மறுபடி காட்டி, போகலாம் என்று அவர் சொன்ன பிறகே நான் வீட்டுக்குப் போனேன். அதற்குள் தொட்டில் போட்டு முடிந்திருந்தது. வாசலில் அம்மா மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி உள்ளே விட்டாள். தங்கை, அம்மா சொன்ன பிறகுதான் குழந்தையை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊர் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்திருந்தது. தங்கை சண்டை போடவில்லை. அதற்குப் பதில் அதை ஒரு வேடிக்கைபோல வைத்துக்கொண்டாள். கல்யாணம், காதுகுத்து என்று நான்கு பேர் கூடும் இடத்தில், எங்க அக்கா என்னைப் பார்த்ததும் கிட்ட வராதன்னு சொன்னவளாச்சே என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவளுக்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதே நான் போனதற்குப் பலன். மற்றவர்களுக்கு அதுவே நான் போயிருக்க வேண்டியதில்லை என்பதற்கும் அத்தாட்சி. நானே சில சமயம் யோசிப்பேன், உண்மையிலேயே பொறாமையில்தான் போனேனோ, கொலுசுக் கதையையும் மயக்கத்தில் நானே கட்டிக்கொண்டேனோ என்று.

அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் வருஷம், அங்கிருந்து அம்மையை வாங்கிவந்தது. தங்கை அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் வேப்பிலை கட்டினோம். தாளிப்பதை நிறுத்தினோம். தனக்குத்தான் சின்ன வயதிலேயே வந்துவிட்டதே என்று தங்கை மகள் பக்கத்திலேயே படுத்து, விசிறி, கஞ்சி ஊட்டி எல்லாம் செய்தாள். நான் ஒருமுறை எச்சரித்தேன். ஆரம்பிச்சிட்டியா என்றாள்.

குழந்தைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய சில நாட்களில் தங்கை காய்ச்சல் என்று படுத்தாள். மறுநாள் காலை அவள் நெற்றியில், வகிட்டுக்குக் கீழே, பனித்துளி அளவில் ஒரு கொப்புளம் இருந்தது. கழுத்தில் இன்னொன்று. மதியத்துக்குள் மார்பு, முதுகு, கை எல்லாம் வந்துவிட்டது. அம்மா அவள் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொல்லைப்பக்கம் போய் மஞ்சள் கரைக்கத் தொடங்கினாள்.

நான் உள்ளே போனேன். தங்கை வேப்பிலைமேல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"அக்கா, கிட்ட வராத."

"எனக்கு எப்பவோ வந்தவடி. என் முதுகுலதான் கீறா" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் பாயில் படுத்தேன். அவள் கை கொதித்தது. என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வேப்பிலைக் கொத்து தரையை உரசிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கொலுசுச் சத்தமே கேக்கலியே அக்கா" என்றாள்.

"எனக்கும் கேக்கலடி" என்றேன்.